ஒரே குளிர்காலத்தில் வெறுமையான பின்வரிசை: அமெரிக்கக் கல்லூரி புட்போலில் ஆழத்தையும் அனுபவத்தையும் அளப்பது எப்படி?

அலபாமா பல்கலைக்கழக மைதானத்தில் சனிக்கிழமை மாலை 6.30க்குப் போட்டி தொடங்கினால், யாழ்ப்பாணத்தில் அது ஞாயிறு அதிகாலை 5 மணி. என் அக்காவின் மகன் அந்த மாநிலத்தில் படிக்கப்போன நாளிலிருந்து சில ஞாயிறுகளில் நானும் அந்த நேரத்துக்கு எழும்பிவிடுகிறேன். அக்கா போர்க்காலத்தில் திருமணமாகிப் போனவர். மகன் அங்கேயே பிறந்து வளர்ந்தவன். எனக்கும் அவனுக்கும் பேசுவதற்குப் பொதுவான விடயங்கள் குறைவு. ஆகவே அவன் விளையாட்டைப் பற்றிப் பேசுவான், நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

2024 ஓகஸ்டில் ஒருநாள் தொலைபேசியில் சொன்னான்: "மாமா, பின்னுக்கு நிண்டவங்கள் எல்லாரும் போட்டாங்கள். ஒரே ஒரு ஆள்தான் மிச்சம்."

விளையாட்டைப் பற்றித்தான் சொன்னான். ஆனாலும் அந்த வசனம் என்னை விட்டுப் போகவில்லை. எல்லோரும் போய் ஒருவர் மட்டும் மிஞ்சிய வரிசையை ஓர் அணி எப்படி மறுபடியும் கட்டும்? கட்டி முடித்துவிட்டதா என்பதை எதை வைத்து அறிவது? அந்தக் கேள்வியின் பின்னால் போனபோது கிடைத்தவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். வெளிநாடுகளில் உள்ள தங்கள் பிள்ளைகள் பேசும் இந்த விளையாட்டு ஒன்றும் புரியவில்லை என்று சொல்லும் பெற்றோருக்கும் பேரன், பேர்த்திகளைக் கண்டவர்களுக்கும் இது உதவும்.

முதலில் ஒரு குறிப்பு. அமெரிக்கன் புட்போலின் சொற்களில் பல போரிலிருந்து எடுக்கப்பட்டவை. தூர எறிதலைக் குண்டு என்பார்கள், முன்வரிசையினர் மோதும் இடத்தைப் பதுங்குகுழி என்பார்கள். அவற்றை உண்மையில் கண்ட வாசகர்களுக்கு எழுதுகிறேன் என்பதால் இங்கே அந்தச் சொற்களைத் தவிர்த்திருக்கிறேன். அவை இல்லாமலும் இந்த விளையாட்டை விளக்கலாம்.

பின்வரிசை என்றால் என்ன?

இது நாம் விளையாடும் உதைபந்தாட்டம் அல்ல. பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், முன்னோக்கி எறியலாம். மைதானம் 100 யார்ட் நீளம். பக்கத்துக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்புகள் தரப்படும். அதற்குள் 10 யார்ட் முன்னேறினால் மேலும் 4 வாய்ப்புகள். எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைக் கொண்டுபோனால் 6 புள்ளிகள். பந்தை எறிபவர் குவார்ட்டர்பெக். ஓடிப்போய் அதைப் பிடிப்பவர்கள் ரிசீவர்கள்.

தடுக்கும் அணியில் மூன்று அடுக்குகள் இருக்கும். முன்னால் பருத்த உடல்வாகு கொண்டவர்கள், நடுவில் லைன்பெக்கர்கள், கடைசியில் செகண்டரி எனப்படும் பின்வரிசை. இந்தப் பின்வரிசையில் இரு ஓரங்களிலும் நின்று ரிசீவர்களுடன் ஓடுபவர்கள் கோர்னர்பெக்குகள். நடுவில் ஆழத்தில் நின்று எல்லாவற்றையும் பார்ப்பவர்கள் சேப்டிகள். சாதாரணமாக இரண்டு கோர்னர்பெக், இரண்டு சேப்டி. இன்று எறிதல் அதிகரித்துவிட்டதால் ஐந்தாவது ஒருவரும் அநேகமாக எப்போதும் களத்தில் இருப்பார். அவரை நிக்கல் என்பார்கள். ஒவ்வோர் அணியும் அந்த இடத்துக்குத் தனக்கென ஒரு பெயரும் வைத்துக்கொள்வதுண்டு.

முன்வரிசையில் ஒருவர் தவறினால் நடுவரிசை பிடிக்கும். நடுவரிசை தவறினால் பின்வரிசை பிடிக்கும். பின்வரிசை தவறினால் பிடிக்க ஆளில்லை. கிரிக்கெட்டில் விக்கெட் காப்பாளரையும் தாண்டிய பந்து எல்லைக்கோட்டுக்குப் போவது மாதிரித்தான். முன்வரிசையில் செய்யும் பிழையை அரங்கில் இருப்பவர்கள் கவனிக்கமாட்டார்கள். பின்வரிசையில் செய்யும் பிழையைத் தொலைக்காட்சி நான்கு கோணங்களில் திரும்பத் திரும்பக் காட்டும். 18, 19 வயதுப் பிள்ளைகள் அந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

ஆழம் என்பது பெயர்ப்பட்டியல் அல்ல

பருவம் தொடங்குமுன் ஒவ்வோர் அணியும் டெப்த் சார்ட் எனும் பட்டியலை வெளியிடும். ஒவ்வோர் இடத்துக்கும் முதலாமவர், இரண்டாமவர், சில இடங்களில் மூன்றாமவர். பின்வரிசையில் ஐந்து இடம், பத்துப் பெயர் என்றவுடன் ஆழமான அணி என்று ரசிகர்கள் சொல்லிவிடுகிறார்கள். அது போதாது.

இரண்டாமவர் எப்போது விளையாடியிருக்கிறார் என்று பார்க்க வேண்டும். அணி 35 புள்ளிகள் முன்னிலையில் இருக்கும்போது கடைசிக் கால்பகுதியில் இறங்கி விளையாடுவது ஒன்று. வெற்றியா தோல்வியா என்று தெரியாத மூன்றாவது வாய்ப்பில் நிற்பது வேறொன்று. புள்ளிவிபரத்தில் இரண்டும் ஒரே எண்ணிக்கையாகத்தான் பதியும்.

அடுத்தது, ஒருவர் எத்தனை இடத்தில் நிற்கக்கூடியவர் என்பது. சேப்டியாகவும் நிக்கலாகவும் நிற்கத் தெரிந்த ஒருவர் இருந்தால், ஒருவர் காயப்படும்போது ஓர் இடம் மட்டுமே மாறும். இல்லாவிட்டால் ஒரு காயத்துக்கு மூன்று பேர் இடம்மாற வேண்டிவரும். புதிய இடத்தில் நிற்கும் மூன்று பேர் மூன்று புதியவர்களுக்குச் சமம்.

ஆழம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குக் காயம் மட்டும் காரணமல்ல. எதிராளியின் தலையைக் குறிவைத்து மோதுபவரைப் போட்டியிலிருந்தே வெளியேற்றும் விதி 2013 முதல் கல்லூரிப் புட்போலில் உண்டு. வேகமாக ஓடிவரும் ரிசீவரை மறிக்கும் சேப்டிகள் இந்த விதியில் எளிதில் அகப்படுகிறார்கள். அணியின் சிறந்த சேப்டி முதல் பத்து நிமிடத்திலேயே உடைமாற்றும் அறைக்குப் போய்விடலாம். மிகுதி நேரம் அந்த இடத்தில் நிற்கப்போகிறவர்தான் அந்த அணியின் ஆழம்.

அனுபவத்தில் எதை எண்ணுவது?

வயதை எண்ணுவது எளிது, ஆனால் தவறாக வழிகாட்டும். அமெரிக்கக் கல்லூரி வீரருக்கு நான்கு பருவங்கள் விளையாட ஐந்து ஆண்டுகள் வழங்கப்படுவதே நீண்டகால வழக்கம். 2018 முதல், ஓர் ஆண்டில் நான்கு போட்டிகள்வரை விளையாடினாலும் அந்தப் பருவம் கணக்கில் சேராது. கொவிட் காரணமாக 2020 பருவம் யாருக்கும் கணக்கில் எடுக்கப்படவில்லை. அதனால் 2024 வரைக்கும்கூட ஐந்தாம், ஆறாம் ஆண்டு வீரர்களைக் களத்தில் காண முடிந்தது. ஐந்து ஆண்டுகள் அணியில் இருந்தவர் ஐந்து ஆண்டுகள் விளையாடியவராக இருக்கவேண்டியதில்லை.

எண்ணவேண்டியது தொடக்கத்திலிருந்தே களமிறங்கிய போட்டிகளையும் களத்தில் நின்ற ஆட்டத்துண்டுகளையும். அதைவிட முக்கியமானது, அதே நபர்களுடன் எத்தனை போட்டி என்பது. பின்வரிசையின் வேலையில் பாதி பேச்சு. எதிரணி ஆட்களை இடம்மாற்றி நிறுத்தும்போது, "இவன் உனக்கு, அவன் எனக்கு" என்பதைப் பந்து நகரும் முன்னரே சைகையாலும் குரலாலும் ஐந்து பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். நால்வர் ஒன்றை நினைத்து ஒருவர் மட்டும் வேறொன்றை நினைத்தால், ஒரு ரிசீவர் தனியே ஓடுவார். தொலைக்காட்சியில் பார்ப்பவர் பக்கத்தில் நிற்கும் கோர்னர்பெக்கைத் திட்டுவார். பிழை பெரும்பாலும் அவருடையதாக இராது.

எண்களில் இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. பறித்த பந்துகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு மாறும், அதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு. மிகச் சிறந்த கோர்னர்பெக்கின் பக்கம் எதிரணி எறிவதே குறைவு என்பதால் அவருடைய கணக்கில் ஒன்றும் இல்லாமல் போகலாம். அதேபோல ஒரு சேப்டி அதிகம் பேரை மறித்து வீழ்த்தியிருக்கிறார் என்றால் அவர் திறமைசாலி என்பது உண்மைதான். முன்னுள்ள இரண்டு அடுக்குகளையும் தாண்டி எதிரணி அடிக்கடி அவரிடம் வந்திருக்கிறது என்பதும் உண்மை.

அலபாமா 2024: போனவர்கள்

2023 பருவத்தில் அலபாமாவின் பின்வரிசை நாட்டின் சிறந்தவற்றுள் ஒன்று. கோர்னர்பெக்குகள் டெரியன் ஆர்னல்ட், கூல்-எய்ட் மெக்கின்ஸ்ட்ரி. மூன்றாமவராக ட்ரே ஏமஸ். சேப்டிகள் ஜேலன் கீயும் முதலாமாண்டு மாணவரான கெலப் டவுன்ஸும். நிக்கல் இடத்தில் மலக்காய் மூர். முதலாமாண்டிலேயே டவுன்ஸ் 107 பேரை மறித்து வீழ்த்தி அணியில் முதலிடம் பிடித்தார்.

2024 ஜனவரி 1ஆம் திகதி ரோஸ் போல் போட்டியில் மிச்சிகனிடம் மேலதிக நேரத்தில் 27-20 எனத் தோற்றது அலபாமா. ஜனவரி 10ஆம் திகதி பயிற்றுவிப்பாளர் நிக் சேபன் ஓய்வை அறிவித்தார். அலபாமாவுக்கு ஆறு தேசியப் பட்டங்கள் பெற்றுக்கொடுத்தவர் அவர். பின்வரிசை வீரர்களைத் தானே நேரடியாகப் பயிற்றுவித்துப் பெயர் பெற்றவரும்கூட. இரண்டு நாட்களில் வோஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து கேலன் டிபோர் அவருடைய இடத்துக்கு நியமிக்கப்பட்டார்.

தலைமைப் பயிற்றுவிப்பாளர் மாறினால் வீரர்கள் 30 நாட்களுக்குள் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விண்ணப்பிக்கலாம் என்பது அன்றைய விதி. டவுன்ஸ் ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் போனார். ஏமஸ் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்குப் போனார். வளர்ந்துவந்த இளையவர்கள் சிலரும் வெவ்வேறு இடங்களுக்குப் பிரிந்தனர். ஏப்ரலில் நடந்த தொழில்முறைத் தெரிவில் ஆர்னல்ட் 24ஆவதாகவும் மெக்கின்ஸ்ட்ரி 41ஆவதாகவும் எடுக்கப்பட்டனர். கீ 257ஆவது. அந்த ஆண்டின் கடைசித் தெரிவு அவர்தான்.

மூர் மட்டும் மிஞ்சினார். 2020இல் முதலாமாண்டு மாணவராகத் தேசியப் பட்டம் வென்ற அணியில் விளையாடியவர் அவர். கொவிட் தந்த மேலதிக ஆண்டைப் பயன்படுத்தி ஐந்தாவது பருவத்துக்குத் திரும்பினார். நிக்கல் இடத்திலிருந்து சேப்டிக்கு மாறினார். என் மருமகன் சொன்ன "ஒரே ஒரு ஆள்" இவர்தான்.

அலபாமா 2024: வந்தவர்கள்

வெற்றிடத்தை நிரப்ப இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, வேறு அணிகளில் விளையாடியவர்களைக் கொண்டுவருவது. தென் கலிபோர்னியாவிலிருந்து கோர்னர்பெக் டொமானி ஜக்சன் வந்தார். ரோஸ் போலில் அலபாமாவைத் தோற்கடித்த மிச்சிகனிலிருந்தே சேப்டி கியோன் சாப் வந்தார். மற்றது, பாடசாலை முடித்துவரும் முதலாமாண்டுப் பிள்ளைகளை உடனடியாக இறக்குவது. ஸேபியன் பிரவுன், ஜேலன் எம்பாக்வே, றெட் மோர்கன் ஆகியோர் அப்படி இறங்கினர்.

தற்காப்புக்குப் பொறுப்பாக வந்த கேன் வோமக் புதிய முறையையும் கொண்டுவந்தார். ஆகவே மூருக்குத் தெரிந்த பழைய சொற்களும் சைகைகளும்கூட மாறிப்போயின. மிஞ்சியிருந்த ஒருவரும் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது.

செப்டெம்பர் 28ஆம் திகதி ஜோர்ஜியா வந்தது. இந்தப் பின்வரிசையை மதிப்பிட ஒரே ஒரு போட்டியைத்தான் பார்க்கலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். அலபாமா 28-0 என முன்னிலை பெற்றது. பிறகு ஜோர்ஜியா மெல்ல மெல்லத் திரும்பிவந்தது. அதன் குவார்ட்டர்பெக் கார்சன் பெக் அன்று 439 யார்ட்டுகள் எறிந்தார். முடிவதற்கு இரண்டரை நிமிடம் இருக்கையில் 67 யார்ட் எறிதலில் ஜோர்ஜியா 34-33 என முந்தியது. அடுத்த ஆட்டத்திலேயே அலபாமாவின் முதலாமாண்டு ரிசீவர் றையன் வில்லியம்ஸ் 75 யார்ட் ஓடி அணியை மீட்டார். ஜோர்ஜியா மறுபடியும் முன்னேறிவர, எல்லைப் பகுதியில் விழவிருந்த பந்தை ஸேபியன் பிரவுன் பறித்தார். 41-34.

மைதானம் ஆர்ப்பரித்தது. மருமகன் தொலைபேசியில் கத்தினான். எனக்கு அந்த 439 மனதில் இருந்தது. கடைசிப் பந்தைப் பறித்தது ஒரு பிள்ளையின் திறமை. அதற்கு முன் விட்ட யார்ட்டுகள், சேர்ந்து விளையாடிப் பழகாத ஒரு வரிசையின் கணக்கு.

ஒரு வாரம் கழித்து, ஒக்டோபர் 5ஆம் திகதி, நாட்டின் முதல்நிலை அணியாக வண்டர்பில்ட்டுக்குப் போன அலபாமா 40-35 எனத் தோற்றது. 1984க்குப் பிறகு வண்டர்பில்ட் அலபாமாவை வென்றது அன்றுதான். 60 நிமிடப் போட்டியில் 42 நிமிடங்கள் பந்து வண்டர்பில்ட்டிடம் இருந்தது. மூன்றாவது வாய்ப்பில் 18 தடவையில் 12 தடவை அவர்கள் வெற்றி பெற்றனர். பழியை முழுவதும் பின்வரிசையின் தலையில் போட முடியாது. மூன்று அடுக்குகளுமே தடுமாறின. ஆனால் மூன்றாவது வாய்ப்பு என்பது எல்லோரும் ஒரே பேச்சில் இருக்கிறார்களா என்று கேட்கும் பரீட்சை. அந்தப் பரீட்சையில்தான் அவர்கள் தோற்றார்கள்.

போட்டியின் இறுதியில் ஆத்திரத்தை அடக்க முடியாமல் நடந்துகொண்டதற்காக மூருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. பின்னர் அவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அவரைக் கண்டித்துப் பலர் எழுதினார்கள். எல்லோரும் போனபின் நின்றவர் என்பதை எழுதியவர்கள் குறைவு. அனுபவசாலி என்று ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டால், மற்ற நால்வருக்குமான பாரமும் அவர் தோளில்தான் ஏறும்.

அடுத்த வாரம் தென் கரோலினாவுக்கு எதிரான 27-25 வெற்றியைக் கடைசி விநாடிகளில் பந்தைப் பறித்து உறுதிசெய்தவர் ஜக்சன். ஒக்டோபர் 19ஆம் திகதி டெனசியிடம் 24-17 எனத் தோற்ற போட்டியில் சாப் பாதத்தில் காயமடைந்தார். அவருடைய பருவம் அத்தோடு முடிந்தது. அந்த இடத்துக்கு இரண்டாமாண்டு மாணவர் பிரே ஹபர்ட் வந்தார். அடுத்த போட்டியில் மிசூரியை ஒரு புள்ளியும் எடுக்கவிடாமல் 34-0 என வென்றனர். ஓகஸ்டில் பட்டியலில் வெறும் பெயராக இருந்த ஹபர்ட், ஒக்டோபரில் ஆழமாகிவிட்டார்.

நவம்பர் 23ஆம் திகதி ஒக்லஹோமாவிடம் 24-3 எனத் தோற்றபோது எதிரணி எறிந்து எடுத்தது 68 யார்ட் மட்டுமே. தரையால் ஓடித்தான் வென்றார்கள். அந்தத் தோல்வியைப் பின்வரிசையின் கணக்கில் எழுதுவது அநியாயம். 9 வெற்றி, 3 தோல்வியோடு அலபாமா 12 அணிகள் கொண்ட இறுதிச் சுற்றைத் தவறவிட்டது.

ஒஹாயோ ஸ்டேட்: மறுபக்கம்

டவுன்ஸ் போய்ச்சேர்ந்த இடத்தைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ஒஹாயோ ஸ்டேட்டில் டென்சல் பேர்க் 2021இல் முதலாமாண்டிலிருந்தே தொடக்கத்தில் களமிறங்கிய கோர்னர்பெக். ஜோர்டன் ஹன்கொக் பல இடங்களில் நிற்கக்கூடியவர். சேப்டி லேதன் ரன்சம் 2022 ஜனவரி ரோஸ் போலில் கால் முறிந்து, திரும்பி வந்து, 2023இல் பாதத்தில் மறுபடி காயப்பட்டு, மீண்டும் வந்தவர். இவர்களெல்லாம் தொழில்முறைக்குப் போகாமல் 2024க்கும் திரும்பினார்கள். முன்னரே மிசிசிப்பியிலிருந்து மாறிவந்திருந்த டேவிசன் இக்பினோசனும் இருந்தார். அலபாமா முழுச்சுவரையும் புதுக் கல்லால் கட்டியது. ஒஹாயோ ஸ்டேட் நின்ற சுவரில் ஒரு நல்ல கல்லைச் சேர்த்தது.

அனுபவம் அவர்களையும் எல்லா நாளும் காப்பாற்றவில்லை. ஒக்டோபர் 12ஆம் திகதி ஒரிகனிடம் 32-31 எனத் தோற்றனர். அன்று அதிகம் அடிபட்டவர் அனுபவத்தில் மூத்த பேர்க்தான். ஆனால் சேர்ந்து விளையாடிப் பழகிய வரிசை, பிழையைப் பேசித் திருத்திக்கொண்டது. 2025 ஜனவரி 1ஆம் திகதி அதே ஒரிகனை ரோஸ் போலில் 41-21 என வென்றார்கள். ஜனவரி 20ஆம் திகதி நோட்டர் டேமை 34-23 எனத் தோற்கடித்துத் தேசியப் பட்டம் பெற்றனர். அந்தப் பருவத்தில் போட்டிக்குச் சராசரியாக 12.9 புள்ளிகள் மட்டுமே விட்டுக்கொடுத்து நாட்டில் முதலிடம்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். ஆளை ஒரே குளிர்காலத்தில் கொண்டுவந்துவிடலாம். சேர்ந்திருந்த காலத்தைக் கொண்டுவர முடியாது.

ஏன் இப்போது இப்படி?

முன்பெல்லாம் மாறிப்போகும் வீரர் பெரும்பாலும் ஓராண்டு விளையாடாமல் இருக்கவேண்டும். 2018 ஒக்டோபரில் மாற விரும்புவோரைப் பதியும் பொது ஏடு ஒன்று வந்தது. 2021இல் முதல் மாற்றத்துக்குக் காத்திருப்பு நீக்கப்பட்டது. 2024இல் எத்தனை தடவையும் மாறலாம் என்றானது. 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயராலும் படத்தாலும் பணம் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஓர் இணக்கத்தின்படி பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் வழங்கத் தொடங்கின. ஓர் அணிக்கு 85 புலமைப்பரிசில் என்ற பழைய எல்லை போய், 105 வீரர் என்ற எல்லை வந்தது.

விசுவாசம் போய்விட்டது என்று மூத்த ரசிகர்கள் குறைப்படுகிறார்கள். என்னால் அதை முழுதாக ஏற்க முடியவில்லை. பயிற்றுவிப்பாளர்கள் எப்போதும் மாறிப்போகச் சுதந்திரம் உடையவர்களாகவே இருந்தார்கள். நின்ற இடத்தில் நிற்கவேண்டும் என்று சொல்லப்பட்டவர்கள் பிள்ளைகள் மட்டுமே. போவதற்குக் காரணம் இருப்பவரைப் போனார் என்று குற்றஞ்சாட்டுவது எளிது. போனவர்களையும் நின்றவர்களையும் ஒரே வீட்டில் கண்டவர்களுக்கு அது எளிதல்ல.

ஆழத்தின் விலை

இந்தக் கணக்குகளுக்குள் மறைந்துவிடும் ஒரு விடயம் உண்டு. ஓர் இடத்துக்கு ஏன் மூன்று பேர் வேண்டும்? முதலாமவர் உடையக்கூடும் என்பதால்.

1989 ஒக்டோபர் 28ஆம் திகதி மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் பின்வரிசை வீரர் சக்கி மலின்ஸ், வண்டர்பில்ட்டின் பிராட் கெயின்ஸ் பந்தைப் பிடிக்கும் தருணத்தில் மோதினார். கழுத்தெலும்புகள் நொறுங்கின. கழுத்துக்குக் கீழே உடல் அசைவிழந்தது. அவருக்கு அப்போது வயது 20. சிகிச்சைக்குப் பின் திரும்பிவந்து படிப்பைத் தொடர்ந்தார். 1991 மே மாதம் இறந்தார். எதிரணியில் நின்ற கெயின்ஸ் அவருடைய நண்பரானார். மலின்ஸ் இறந்தபின் ஆண்டுதோறும் அந்தக் கல்லறைக்குப் போய் அதைத் துப்புரவு செய்துவந்தார். மலின்ஸின் பெயரால் அந்தப் பல்கலைக்கழகம் ஒவ்வோர் ஆண்டும் தற்காப்பு வீரர் ஒருவரைக் கௌரவிக்கிறது.

2023 ஜனவரி 2ஆம் திகதி தொழில்முறைப் போட்டியொன்றில் சேப்டி டமார் ஹம்லின் ஒருவரை மறித்து வீழ்த்தி எழுந்து, அடுத்த கணமே விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. மைதானத்திலேயே உயிர்கொடுத்தார்கள். அவரும் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தின் பின்வரிசையிலிருந்து வந்தவர்தான். பிழைத்து, மறுபடி விளையாடினார்.

எனவே ஆழமான பின்வரிசை என்று எழுதும்போது, காயப்பட்டவரை அவசரப்படுத்தி இறக்கத் தேவையில்லாத வரிசை என்றும் பொருள்கொள்கிறேன். ஆழம் இல்லாத அணியில் பாதிக் குணமான பிள்ளை களத்தில் நிற்பான்.

மதிப்பிட ஆறு கேள்விகள்

ஒரு கல்லூரி அணியின் பின்வரிசையைப் பற்றி யாராவது பெருமையாகவோ கவலையாகவோ பேசினால், இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

1. ஐந்து இடங்களில், சென்ற ஆண்டு இதே அணியில் இதே இடத்தில் நின்றவர் எத்தனை பேர்? மூன்றுக்குக் குறைந்தால் முதல் மாதம் தடுமாற்றம் இருக்கும்.

2. பேச்சை நடத்துபவர் யார்? பெரும்பாலும் ஒரு சேப்டி. அவருக்குக் காயம் என்றால் அடுத்தவர் யார் என்பதற்கும் பதில் இருக்க வேண்டும்.

3. இரண்டாமவர்கள் நெருக்கடியான நேரத்தில் விளையாடியிருக்கிறார்களா, அல்லது முடிந்துபோன போட்டிகளில் மட்டுமா?

4. இரண்டு இடத்தில் நிற்கத் தெரிந்தவர் ஒருவராவது உண்டா?

5. பயிற்றுவிப்பாளரும் முறையும் மாறியிருக்கின்றனவா? மாறியிருந்தால் பழைய அனுபவத்தில் ஒரு பகுதியைக் கழித்துவிடுங்கள்.

6. காயத்திலிருந்து திரும்பியவர்களுக்குப் போதிய காலம் கொடுக்கப்பட்டதா?

ஆறுக்கும் நல்ல பதில் கிடைக்கும் அணி அரிது. அலபாமா 2024இல் முதல் கேள்வியிலேயே விழுந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மூர் 2025இல் தொழில்முறை அணியால் நான்காம் சுற்றில் தெரிவுசெய்யப்பட்டார். பிரவுன், ஜக்சன், சாப், ஹபர்ட் நால்வரும் 2025 பருவத்துக்கு அலபாமாவிலேயே தங்கினார்கள். ஓர் ஆண்டுக்கு முன் நாட்டின் மிக அனுபவமற்ற பின்வரிசைகளில் ஒன்று எனப்பட்டது, ஒன்றாக அடிபட்டுப் பழகியவர்களின் வரிசையாகிவிட்டது.  இந்த நால்வரும் போகவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஆண்டு ஓகஸ்டிலும் மருமகன் அழைத்தான். அவனுடைய தமிழில் ஆங்கிலம் கொஞ்சம் கூடியிருந்தது.

"மாமா, இந்தமுறை நாலு பேர் இருக்கிறாங்கள்," என்றான்.

"பிறகென்ன?" என்றேன்.

"ஒண்டுமில்லை. சொல்லவேணும் போல இருந்தது."